தப்பு என்னோடதுதான் மேடம்

பிப்ரவரி 11

மதிப்புக்குரிய வீட்டுக்காரருக்கு,

அன்புள்ளன்னு எழுதக் கை வரல. கோபம் இறங்கினப்புறம் அப்படி எழுதறேன்.

உங்க ஹோட்டல் மேனேஜர் நேத்து அந்த ஊர்லேருந்து எங்க லேபுக்கே போன் பண்ணிட்டார். நான் ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்துக்கிட்டிருந்தேன். ஒரு கையில ஊசி, தோளுக்கும் காதுக்கும் நடுவுல போன். அஞ்சாவது மாடி ரூம்ல தங்கியிருந்த ஒரு அம்மாவோட வைர வளையல் காணாமப் போயிருக்கு, அந்த மாடிக்குப் பொறுப்பு நீங்க, மாஸ்டர் சாவி உங்க இடுப்புல, போலீஸ் உங்களைக் கூட்டிட்டுப் போய் ஜெயில்லயே போட்டிருக்கு. அதுவரைக்கும் புரிஞ்சுது. அதுக்கப்புறம் சொன்னதுதான் புரியல. நீங்களே ஒத்துக்கிட்டீங்களாம். அவர் பக்கத்துல நின்னு காதால கேட்டாராம்.

ஒத்துக்கிட்டீங்களா? நீங்களா? கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல எதையாவது ஒரு தடவை ஒத்துக்கிட்டிருக்கீங்களா? பால் பொங்கி வழிஞ்சா அடுப்பு சரியில்ல. பஸ்ஸை விட்டா கடிகாரம் சரியில்ல. என் பிறந்தநாளை மறந்தா காலண்டர் அச்சடிச்சவன் சரியில்ல. கட்டின பொண்டாட்டிகிட்ட வாயைத் திறந்து வராத வார்த்தை, முன்ன பின்ன தெரியாத ஒரு அம்மா முன்னாடி குனிஞ்சு நின்னு வந்திருக்கு. வளையல் போனதை விட எனக்கு அதுதான் எரியுது.

நீங்க எடுக்கல. அதை நான் உங்களைக் கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியதில்ல. யார் வீட்டுப் பேனாவை வாங்கினாலும் மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுக்கற ஆள். ஆனா ஏன் அப்படிச் சொன்னீங்க? நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க. பதில் எழுதுங்க.

ஜெயிலுக்கு வர்ற கடிதத்தை அங்க ஒரு அதிகாரி படிச்சுட்டுத்தான் உள்ள கொடுப்பாராமே. ஐயா, வணக்கம். இது புருஷன் பொண்டாட்டி சண்டை. பாதியில எடுத்து வச்சுடாதீங்க.

உங்க பொண்டாட்டி


பிப்ரவரி 19

என் ஜட்ஜம்மாவுக்கு,

கடிதம் கிடைச்சுது. படிக்கிற ஐயா சிரிச்சுக்கிட்டே கொடுத்தார். உங்க வீட்டம்மா எழுத்து நல்லா இருக்கு, அடிக்கடி எழுதச் சொல்லுங்கன்னார். இங்க வேற பொழுதுபோக்கு இல்ல, பாவம்.

நான் ஏன் சொன்னேன்னு கேட்டிருக்க. சொல்றேன், சிரிக்கக் கூடாது. எங்க ஹோட்டல்ல தினமும் காலையில வேலைக்கு ஏறும் முன்ன, துணி துவைக்கிற ரூமுக்கு வெளிய எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு மேனேஜர் பாடம் சொல்லுவார். தங்கியிருக்கறவங்க முகம் சுளிச்சா, என்ன ஏதுன்னு கேக்கறதுக்கு முன்னாடியே மூணு வாக்கியம் நம்ம வாயிலிருந்து வந்துடணும். தப்பு என்னோடதுதான். மன்னிக்கணும். நான் பார்த்துக்கறேன். யார் தப்புன்னு யோசிக்கக் கூடாது, காரணம் சொல்லவே கூடாது. காரணம் சொன்ன ஆளை மறுநாள் வரிசைக்கு முன்னாடி நிறுத்தி, வாய் வலிக்கிற வரைக்கும் அந்த மூணையும் சொல்ல வைப்பார். கோபத்துக்குத் தண்ணி ஊத்துங்க, விளக்கம் ஊத்தாதீங்கம்பார். நான் அங்க சேர்ந்த புதுசுல ரெண்டு தடவை அப்படி நின்னிருக்கேன். அதுக்கப்புறம் நிக்க வேண்டி வரல, அவ்வளவு பழகிடுச்சு.

அன்னைக்கு அந்தம்மா கத்தினது வராந்தா முழுக்கக் கேட்டுச்சு. ஓடிப்போய் கதவுல நின்னேன். மூணும் வந்துடுச்சு. காணாமப் போனது வளையலா வாளியான்னு கூட எனக்கு அப்பத் தெரியாது. பின்னாடியே வந்த மேனேஜரும் கேட்டார். அவ்வளவுதான் நடந்தது.

வீட்டுல ஏன் வரலன்னு கேட்டா என்ன சொல்றது. மாசம் பூரா ஊர்ல உள்ளவங்க தப்பையெல்லாம் தலையில வாங்கிட்டு வர்றவனுக்கு, லீவுல வீட்டுக்கு வந்தப்புறம் ஒண்ணு கூட வாங்கிக்க இடம் இருக்கறதில்ல.

ஸ்டேஷன்ல அடிக்கல. நிக்க வச்சாங்க, உக்கார விடல. தண்ணி கேட்டா கையெழுத்துக்கு அப்புறம்னாங்க. அவங்களே எழுதினதுல போட்டேன். ஜாமீன் கேட்டதுக்கு, வெளியூர் ஆள், ஓடிடுவான்னு தரல. எங்க ஓடறது, உன்கிட்டதான் ஓடி வரணும். காசில்லாதவங்களுக்கு அரசாங்கம் கொடுக்கற வக்கீல் ஒருத்தங்க வந்தாங்க. சின்ன வயசு, அஞ்சாறு மாசக் கர்ப்பம் மாதிரி தெரியுது. என்னோட கையெழுத்தைப் பத்தி அவங்க கவலையே படல. மேனேஜர்கிட்ட என்ன சொன்னீங்கன்னு மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல.

நீ சாப்பிடறியா? லேப்ல அந்தப் புதுப் பொண்ணு இன்னும் குழாய்ல பேர் ஒட்ட மறக்கறாளா?

உன்னோடவன்


பிப்ரவரி 27

அன்புள்ள உங்களுக்கு,

இந்தத் தடவை அன்புள்ளன்னு வந்துடுச்சு பாருங்க.

சிரிக்கலைங்க. படிச்சுட்டு லேப் ஸ்டோர் ரூம்ல பஞ்சு மூட்டை மேல உக்காந்து அழுதேன். வீட்டுக்கு வந்தா இடம் இல்லன்னு எழுதியிருக்கீங்களே, அதை ஒரு நாள் வாயால சொல்லியிருந்தா நான் அந்தக் காலண்டர் கதையைக் குத்திக்காட்டியிருப்பேனா? சரி, விடுங்க.

ஒரு கூத்து நடந்துச்சு. உங்க துணிமணிப் பெட்டி ஹோட்டல்ல ஆளுங்க தங்கற ரூம்லதானே கிடக்கு, அதை அனுப்பி வைக்கச் சொல்லலாம்னு போன் பண்ணினேன். எடுத்த பொண்ணுகிட்ட பெட்டியை அனுப்பணும்னு நான் இன்னும் சொல்லவே இல்ல, என் வீட்டுக்காரர் பெட்டின்னு ஆரம்பிச்சேன், அதுக்குள்ள "தப்பு என்னோடதுதான் மேடம், மன்னிக்கணும், நான் பார்த்துக்கறேன்." லைனை ஸ்டோருக்குக் கொடுத்தா. ஸ்டோர்க்காரரும் தப்பு என்னோடதுதான். அவர் வாட்ச்மேனுக்குக் கொடுத்தார், அவரும் அதே. கடைசியில லைன் உங்க மேனேஜர்கிட்ட போச்சு. நான் யாருன்னே சொல்லல. அந்த மனுஷனும் தேன் ஒழுகற குரல்ல தப்பு என்னோடதுதான் மேடம்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அப்போ நாலு பேரையும் பிடிச்சு உள்ள போடச் சொல்லுங்கய்யான்னு சொல்லிட்டு வச்சுட்டேன். பெட்டி இன்னும் வரல.

அந்தப் புதுப் பொண்ணு இன்னும் மறக்கறா. நேத்து ஒருத்தர் சர்க்கரை அளவு இன்னொருத்தர் பேர்ல போகப் பார்த்துச்சு. யாரோட ரத்தம்னு தெரியாம ரிப்போர்ட் அடிச்சா அது ரிப்போர்ட்டான்னு திட்டினேன். திட்டும்போது உங்க ஞாபகம் வந்துச்சு.

வர்ற மாசம் லீவு கேட்டேன். ஆள் இல்லைங்கறாங்க. எப்படியும் வர்றேன்.

உங்க பொண்டாட்டி


மார்ச் 8

ஜட்ஜம்மா,

இந்தக் கடிதத்தை நிதானமா, உக்காந்து படி.

உன் பெட்டிக் கதையை ஐயா படிச்சுட்டு இன்னொரு ஐயாவுக்கும் படிச்சுக் காட்டினாராம். என்னோட அறையில இருக்கற லாரிக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சார். நானும் சிரிச்சேன். ஆனா சிரிப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும், சொல்லு.

நேத்து எனக்கு எதிரா வாதாடற அரசு வக்கீல் பக்கத்துலேருந்து ஒரு பேச்சு வந்துச்சு. அடுத்த தேதிக்கு ஜட்ஜ் முன்னாடி நின்னு, ஆமா நான்தான் எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, இதுவரைக்கும் உள்ள இருந்ததையே தண்டனையா வச்சு விட்டுடுவாங்களாம். மறுவாரமே வீடு. வழக்கை நடத்திப் பார்க்கறேன்னு நின்னு, அது தோத்துப்போச்சுன்னா வருஷக் கணக்குல உள்ளயே. நம்ம வக்கீலம்மா இதை என்கிட்ட சொல்லித்தான் ஆகணும்னு சொன்னாங்க. சொல்லிட்டு, முடிவு உங்களோடது, நான் தள்ளவும் மாட்டேன் இழுக்கவும் மாட்டேன்னாங்க.

நான் ஒத்துக்கலாம்னு இருக்கேன்.

கோபப்படாதே. நீ அங்க தனியா வீட்டையும் லேபையும் பார்த்துக்கிட்டு, ரெண்டு பஸ் ஒரு ரயில் மாறி இங்க வர நினைக்கற. நான் இங்க சும்மா உக்காந்திருக்கேன். தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் ஜாண் என்ன முழம் என்ன. வாழ்க்கை பூரா செய்யாத தப்புக்கெல்லாம் என்னோடதுதான்னு சொல்லியாச்சு, இன்னும் ஒரு தடவை சொல்றதுல என்ன குறைஞ்சுடப் போவுது? சொல்லிட்டு வீட்டுக்கு வந்துடறேன். வேற ஊருக்குப் போயிடலாம்.

உன்னோடவன்


மார்ச் 13

என்னங்க,

உக்காந்து படிக்கச் சொன்னீங்க. நின்னுக்கிட்டே படிச்சேன், நின்னுக்கிட்டே எழுதறேன்.

சொல்லக் கூடாது.

அந்தம்மாகிட்ட சொன்னது காத்துல போயிடும். ஜட்ஜ் முன்னாடி சொல்றது போகாது. நாளைக்கு நீங்க எந்த ஊர்ல எந்த வேலைக்குப் போனாலும் அது உங்களுக்கு முன்னாடி அங்க போய் உக்காந்திருக்கும். நம்ம தெருவுல ஒரு பிள்ளையோட செருப்பு காணாமப் போனாலும் முதல்ல நம்ம வீட்டுக் கதவைத்தான் பார்ப்பாங்க. அப்பவும் நீங்க குனிஞ்சு நின்னு தப்பு என்னோடதுதான்னு சொல்லுவீங்களா? நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருக்கணுமா?

சீக்கிரம் வீட்டுக்கு வரணும்னு எழுதியிருக்கீங்க. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? படுக்கையில உங்க பக்கம் தலையணையை நான் இன்னும் எடுக்கல. ஆனா திருடன்னு தன் வாயால சொல்லிட்டு வர்ற ஆளுக்கு நான் கதவைத் திறக்க மாட்டேன். ஏன்னா அது நீங்க இல்ல. அது யாரோ. நான் கட்டிக்கிட்டது உங்களை.

வருஷக் கணக்குல உள்ள இருக்க வேண்டி வந்தா வருஷக் கணக்குல கடிதம் எழுதறேன். படிக்கிற ஐயாவுக்கும் பொழுது போகும்.

பயமா இருக்குங்க. அதையும் எழுதிடறேன். வீராப்பா எழுதிட்டு ராத்திரி என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல. தோத்துட்டா உங்களை உள்ள வச்சது நான்தான்னு ஆகிடும். தெரிஞ்சுதான் சொல்றேன். மடியில கனமில்லாதவர் வழியில எதுக்குப் பயப்படணும். நடத்திப் பாருங்க.

பொண்டாட்டி


மார்ச் 27

என் ஜட்ஜம்மாவுக்கு,

சொல்லல.

இரு, முழுசாச் சொல்றேன். உன் கடிதம் வந்த அன்னைக்கே வக்கீலம்மாகிட்ட நடத்தலாம்னு சொல்லிட்டேன். அவங்க ஒரு சந்தேகத்தைக் கேட்டாங்க. ஜட்ஜ் உங்களைப் பார்த்து நீங்க குற்றவாளியான்னு அதட்டலா கேட்பார், அப்ப வாயில சரியான பதில் வருமான்னாங்க. எனக்கே நம்பிக்கை இல்ல. லாரிக்காரர்தான் ஜட்ஜா உக்காந்து பழக்கிவிட்டார். போர்வையைத் தோள்ல போட்டுக்கிட்டு, என்னய்யான்னு ஒரு உறுமல் உறுமுவார். நான் உடனே, தப்பு என்னோடதுதான் சார். தலையில அடிச்சுக்கிட்டு மறுபடி உறுமுவார். மறுபடி தப்பு என்னோடதுதான். ஒரு வாரம் இதே பாடு. கடைசியில அவர் அலுத்துப்போய், உன் பொண்டாட்டி கேட்கற மாதிரி நினைச்சுக்கோய்யா, அவங்ககிட்டதான் நீ எதையும் ஒத்துக்கறதே இல்லையேன்னார். அன்னைக்கு சரியா வந்துச்சு.

கோர்ட்ல கூட்டம். ஜட்ஜுக்குக் கண்ணாடி மூக்குல நிக்கவே இல்ல, அந்த எரிச்சல்லயே என்னைப் பார்த்தார். முகம் சுளிச்சவங்களைப் பார்த்ததும் என் இடுப்பு தானா குனியுது. வாய் திறந்துடுச்சு. வக்கீலம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க. நான் உன்னை நினைச்சுக்கிட்டேன். நான் குற்றவாளி இல்லைன்னு சொல்லிட்டேன். குரல் கொஞ்சம் பெரிசா வந்துடுச்சு போல, பின்னாடி தூங்கிட்டிருந்த ஒருத்தர் எழுந்துட்டார்.

இப்போ வக்கீலம்மா சொன்ன விஷயம். ஸ்டேஷன்ல போட்ட கையெழுத்து செல்லாதாம். போலீஸ்கிட்ட கொடுத்த ஒப்புதலைக் கோர்ட்டு எடுத்துக்காதாம், அதுதான் சட்டமாம். அப்போ எதுக்கு வாங்கினாங்கன்னு கேட்டேன். வாங்கி வச்சா மிச்சத்தையும் நீங்களே ஒத்துப்பீங்கன்னுதான், கிட்டத்தட்ட ஒத்துக்கிட்டீங்களேன்னாங்க. ஆனா போலீஸ் வர்றதுக்கு முன்னாடி மேனேஜர் காதுபட சொன்னது வேற கணக்கு. அதைக் கோர்ட்டு கேட்கும். முழு வழக்கும் இப்போ அந்த ஒரு வாக்கியத்துலதான் நிக்குதாம். சாவி மூணு பேர்கிட்ட இருந்துச்சு, வளையல் எங்கயும் கிடைக்கல, வேற சாட்சி இல்ல.

அப்பதான் உன் பெட்டிக் கதையைச் சிரிப்புக்காகச் சொன்னேன். அவங்க சிரிக்கல. எழுதிக்கிட்டிருந்த பேனாவைக் கீழ வச்சுட்டு, இன்னொரு தடவை சொல்லுங்கன்னாங்க. அப்புறம் வயித்தைத் தடவிக்கிட்டு, பாப்பா கொஞ்சம் பொறுத்து வரணும், நமக்கு வேலை இருக்குன்னாங்க.

உன்னோடவன்


ஏப்ரல் 5

அன்புள்ள என் குற்றவாளி இல்லாதவருக்கு,

போன கடிதம் நின்னுக்கிட்டு எழுதினது, இது உக்காந்து எழுதறது. லேப்ல இருந்தவங்களுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம்னு கேட்டாங்க. என் வீட்டுக்காரர் ஒரு விஷயத்தை ஒத்துக்கலைன்னேன். ஒருத்தருக்கும் புரியல.

இப்போ சண்டைக்கு வர்றேன். வக்கீலம்மாவோட போன்ல பேசினேன். விசாரணையில நீங்க சாட்சிக் கூண்டுல ஏறிப் பேசவே போறதில்லையாம். சும்மா இருப்பீங்களாம். இது என்ன நியாயம்? தப்பு செய்யாதவன் எதுக்கு வாயை மூடணும்? வாயுள்ள பிள்ளைதானே பிழைக்கும்? மாடி வீட்டு அக்கா கூட, பேசாம இருந்தா எடுத்திருக்கார்னுதானே அர்த்தம்ங்கறாங்க. நானும் அதையேதான் வக்கீலம்மாகிட்ட கேட்டேன்.

வக்கீலம்மா பொறுமையா சொன்னாங்க. நிரூபிக்க வேண்டியது குத்தம் சாட்டினவங்க வேலை, உங்க வேலை இல்லையாம். பேசாம இருக்கறது உங்க உரிமையாம், பேசலங்கறதுக்காகக் குத்தவாளின்னு ஜட்ஜ் நினைக்கக் கூடாதாம். அதெல்லாம் சரி, வேற காரணம் ஏதாவது இருக்கான்னேன். இருக்கு, உங்க வீட்டுக்காரரைக் கூண்டுல ஏத்தினா அரசு வக்கீல் ஒரு முறை முறைச்சாப் போதும், மூணு வாக்கியமும் வந்துடும்னாங்க. அதுக்கு மேல நான் வாதாடல.

அதனால உத்தரவு போடறேன். சும்மா இருங்க. தும்மல் வந்தாக்கூட அடக்கிக்கோங்க.

லீவு கிடைக்கல. அந்தப் புதுப் பொண்ணை நம்பி லேபை விட்டுட்டு வர முடியலைங்க. வர முடியாததுதான் என் குறை. ஒரு வரி விடாம எழுதுங்க.

உங்க பொண்டாட்டி


ஏப்ரல் 24

ஜட்ஜம்மா,

ஒரு வரி விடாம எழுதறேன்.

முதல்ல வளையல் அம்மா வந்தாங்க. நான் பயந்த மாதிரி இல்ல, நேர்மையான மனுஷி. இவர் வளையலை எடுத்தேன்னு சொன்னாரான்னு வக்கீலம்மா கேட்டாங்க. அப்படிச் சொல்லல, தப்பு என்னோடதுதான்னு சொன்னார்னாங்க. அதுக்கு முன்னாடி எப்பவாவது அப்படிச் சொன்னதுண்டான்னு கேட்டாங்க. அந்தம்மா யோசிச்சாங்க. அன்னைக்குக் காலையில டீ ஆறிப்போச்சுன்னு சொன்னப்பவும் அதையேதான் சொன்னார், முதல் நாள் மழை பெய்யுதேன்னு சலிச்சுக்கிட்டப்பவும் சொன்னார்னாங்க. ஜட்ஜ் எழுதறதை நிறுத்திட்டு, மழைக்குமான்னு கேட்டார். ஆமா சார்னாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு.

அப்புறம் மேனேஜர். கோட்டு, டை, மடிப்பு கலையாத கைக்குட்டை. அரசு வக்கீல் கேட்டதுக்கெல்லாம் அழகா பதில் சொன்னார். இவர் குத்தத்தை ஒத்துக்கிட்டார், நான் பார்த்துக்கறேன்னா திருப்பிக் கொடுத்துடறேன்னுதான் அர்த்தம்னார். நான் வாயே திறக்கல, நீ போட்ட உத்தரவு.

நம்ம வக்கீலம்மா எழுந்தாங்க. ஜட்ஜ் உக்காந்தே கேளுங்கம்மான்னார், வேணாம்னுட்டு மேஜையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. தினமும் காலையில மேனேஜர் சொல்லிக் கொடுக்கறதைப் பத்திக் கேட்டாங்க. அவர் நழுவினார். மரியாதையா பேசச் சொல்லுவோம், அவ்வளவுதான், செய்யாத தப்பை யாரும் ஒத்துக்க மாட்டாங்கன்னார். அவங்க மறுபடி மறுபடி கேக்கல. முகத்தைச் சுளிச்சு, குரலைக் கொஞ்சம் ஏத்தினாங்க.

"முந்தாநாள் உங்க ஹோட்டல் அஞ்சாவது மாடியைப் பார்க்க வந்தேன். வயித்துப் பிள்ளையோட அரை மணி நேரம் லிஃப்டுல மாட்டிக்கிட்டு நின்னேன்."

மேனேஜர் இடுப்பு குனிஞ்சுது. கை நெஞ்சுக்குப் போச்சு. "தப்பு என்னோடதுதான் மேடம். மன்னிக்கணும். நான் பார்த்துக்கறேன்."

லிஃப்டை நீங்களா நிறுத்தினீங்கன்னு வக்கீலம்மா மெதுவாக் கேட்டாங்க. இல்லையே மேடம், முந்தாநாள் நான் ஊர்லயே இல்லன்னார். சொல்லி முடிச்சப்புறம்தான் தான் என்ன சொன்னோம்னு அவருக்கே உறைச்சுது. முகம் சுண்ணாம்பா வெளுத்துடுச்சு. பின்னாடி வரிசையில ஆரம்பிச்ச சிரிப்பு முன்னாடி வரைக்கும் வந்துச்சு. என்னைக் கூட்டி வந்த போலீஸ்காரர் தொப்பியால வாயை மூடிக்கிட்டார். அரசு வக்கீல் மட்டும் பேப்பரைப் புரட்டிக்கிட்டே இருந்தார்.

ஜட்ஜ் மேஜையைத் தட்டி சிரிப்பை அடக்கிட்டு, அவரே ஒரு கேள்வி கேட்டார். ஊர்ல இல்லாத நீங்க ஏன் தப்பு என்னோடதுன்னு சொன்னீங்க? மேனேஜர் தரையைப் பார்த்துக்கிட்டு, அது எங்க ஹோட்டல் வழக்கம் சார்னார். யார் ஏற்படுத்தின வழக்கம்னு கேட்டார். நான்தான் சார்னார். இவ்வளவு நாள்ல அந்த மனுஷன் சொன்ன முதல் நிஜமான ஒப்புதல் அதுதான்.

நான் குற்றவாளிக் கூண்டுக்குள்ள நிமிர்ந்து நின்னேன். ரொம்ப நாளா நிமிராத முதுகு, நிமிர்த்தும்போது வலிச்சுது. தீர்ப்பு அடுத்த மாசம்.

உன்னோடவன்


ஏப்ரல் 30

என்னங்க,

கடிதத்தை லேப்ல எல்லாருக்கும் சத்தமா படிச்சுக் காட்டினேன். ரத்தம் கொடுக்க வந்தவங்களும் கேட்டாங்க. ஒருத்தருக்கு ஊசி குத்தினதே தெரியலையாம். வக்கீலம்மாவுக்கு என் கையால ஒரு குழந்தைப் போர்வை பின்னிக்கிட்டிருக்கேன். தீர்ப்பு வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது, ஆனா இப்போ வர்ற தூக்கமின்மை வேற மாதிரி. நல்லா இருக்கு.

உங்க பொண்டாட்டி


மே 9

ஜட்ஜம்மா,

விடுதலை.

வக்கீலம்மா போன்ல உன் குரலைக் கேட்டேன். நீ அழுத, நான் கேட்டுக்கிட்டிருந்தேன். அதான் எழுதறேன். இப்போ வக்கீலம்மா ஆபீஸ் பெஞ்சுல உக்காந்திருக்கேன். என் போனும் அடையாள அட்டையும் கோர்ட்டுலேருந்து திரும்பி வர சில நாள் ஆகுமாம்.

ஜட்ஜ் நல்லாத்தான் சொன்னார். ஒருத்தர் குத்தத்தை ஒத்துக்கிட்டார்னா, எந்தக் குத்தம்னு அவர் வார்த்தையிலயே தெளிவா இருக்கணும், மழைக்கும் லிஃப்டுக்கும் வளையலுக்கும் ஒரே வார்த்தை சொல்ற இடத்துல அந்த வார்த்தையை வச்சு யாரையும் தண்டிக்க முடியாதுன்னார். ஸ்டேஷன் கையெழுத்தைத் தொடவே மாட்டேன்னுட்டார். வெளிய வந்தப்போ வெயில் கண்ணைக் கூசிச்சு. லாரிக்காரருக்குச் சேதி போயிருக்கும், உள்ள ஒரே கைத்தட்டலா இருந்திருக்கும்.

ஆனா கடைசி வரி மனசுல முள்ளா நிக்குது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை. அப்படித்தான் முடிச்சார். இவர் எடுக்கவே இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லல. வளையலை யார் எடுத்தாங்கன்னும் தெரியாது, இனிமே தெரியப் போறதும் இல்ல. தெருவுல என்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும். எடுத்திருப்பார், மாட்டல. ஊர் வாயை மூட உலைமூடி இல்ல. அதனால நான் கொஞ்ச நாள் இங்கயே ஏதாவது வேலை பார்த்துட்டு, பேச்சு அடங்கினப்புறம் வரட்டுமா? நீ தலை குனியற மாதிரி ஆகக் கூடாது.

உன்னோடவன்


மே 12

அன்புள்ள உங்களுக்கு,

போன்ல அழுதுட்டேன். அழுதுக்கிட்டே சண்டை போட எனக்கு வராது. அதான் எழுதறேன்.

முள்ளாம் முள்ளு. அந்த ஜட்ஜ் எதை உங்களுக்குத் திருப்பிக் கொடுக்கணும்னு எதிர்பார்க்கறீங்க? போலீஸ் கூட்டிட்டுப் போன அன்னைக்கு நீங்க நிரபராதி. ஜாமீன் தராதப்பவும் நிரபராதி. கூண்டுல நின்னப்பவும் நிரபராதி. பறிக்கணும்னு எல்லாரும் சேர்ந்து பார்த்தாங்க, முடியல. உங்ககிட்டயே இருக்கறதை யார் வந்து உங்களுக்குக் கொடுக்கறது? அவங்க நிரூபிக்கல, முடிஞ்சுது. மிச்சத்தை நீங்க நிரூபிக்கணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. வக்கீலம்மா ஏப்ரல் மாசமே என் மண்டையில ஏத்திட்டாங்க, உங்க பக்கத்துல உக்காந்திருந்தும் உங்களுக்கு ஏறல.

நேத்து மாடி வீட்டு அக்கா இறங்கி வந்தாங்க. தீர்ப்பைப் பேப்பர்ல பார்த்தாங்களாம். முகத்தை நீட்டிக்கிட்டு, நிரூபிக்கலைன்னுதானே போட்டிருக்கு, எடுக்கலைன்னு போடலையேன்னாங்க. நான் துணி காயப் போட்டுக்கிட்டிருந்தேன். கிளிப்பை வாயிலிருந்து எடுத்துட்டு, ஆமாக்கா, உங்க வீட்டுக்காரர் அந்த வளையலை எடுக்கலைன்னு மட்டும் இதுவரைக்கும் யார் நிரூபிச்சிருக்காங்கன்னு கேட்டேன்.

அந்த அக்காவுக்கே சிரிப்பு வந்துடுச்சு. மிச்சத் துணியை எடுத்துக் கொடுத்துட்டு, அவர் எப்ப வர்றார்னு கேட்டுட்டுப் போனாங்க.

நான் தலை குனியறேனா? மூணு மாசமா குனியாத தலை, ஜெயிச்சப்புறமா குனியப் போகுது? அங்க வேலை தேட வேணாம். அட்டையும் போனும் வந்த அன்னைக்கே கிளம்புங்க. ராத்திரி பஸ்ஸுல ஏறி விடியறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள நுழையலாம்னு மட்டும் நினைக்காதீங்க, உங்களை எனக்குத் தெரியும். பகல் வண்டியில வாங்க. பின் தெரு வழியா வராதீங்க. கடைத்தெரு வழியா, எல்லாரும் கடை திறந்து உக்காந்திருக்கற நேரத்துல, மெதுவா நடந்து வாங்க. நான் ஸ்டாண்டுக்கே வந்து உங்க பக்கத்துல நடக்கறேன்.

உங்க பொண்டாட்டி